தனியே போனால் துள்ளும் படகு

கேள்வி: ஐயா, மட்டக்களப்பு நாவற்குடாவிலிருந்து எழுதுகிறேன். ஒரு வருடத்துக்கு முன்னர் 18 அடி நீளமான பைபர் படகொன்றைப் பழையதாக வாங்கினேன். 15 குதிரைவலுப் பெற்றோல் அவுட்போட் எஞ்சினும் அதனுடன் வந்தது. விற்றவர் அதை வாவியில் வலை போடுவதற்கு மட்டுமே வைத்திருந்தார். நான் வாவியில் தூர இடங்களுக்கும், காலநிலை நன்றாக இருந்தால் பாலமீன்மடு முகத்துவாரம் வழியாகக் கடலுக்கும் போகிறேன். மெதுவாக ஓடும்போது ஒரு குறையும் இல்லை. வேகத்தைக் கூட்டினால் அணியம் (படகின் முன்முனை) வெகுநேரம் வானத்தைப் பார்த்தபடி நிற்கிறது. பிறகு இறங்கி ஓடத் தொடங்கினாலும், முக்கால் வேகத்தில் மேலும் கீழுமாக ஓயாமல் அடிக்கிறது. தம்பியும் மச்சானும் முன்னால் இருந்தால் அப்படி அடிப்பதில்லை. தனியே போனால் பிடித்து இருக்கவே முடியாது. வளைத்துத் திருப்பும்போது எஞ்சின் திடீரென்று அலறுகிறது, வேகம் விழுந்துவிடுகிறது. கைப்பிடியும் ஒரு பக்கம் இழுக்கிறது. பின்பலகையின் மேல் இரண்டு அங்குல மரத்துண்டு வைத்துத்தான் எஞ்சின் மாட்டப்பட்டிருக்கிறது. பெற்றோல் தாங்கி, ஐஸ் பெட்டி, நங்கூரம் எல்லாம் பின்னால் இருக்கின்றன. 25 குதிரைவலு எஞ்சின் போட்டால் சரியாகும் என்று திருத்துபவர் ஒருவர் சொல்கிறார். கடன் எடுத்து வாங்கலாமா?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

கடன் எடுக்க வேண்டாம். நீங்கள் எழுதிய அறிகுறிகளில் ஒன்றுகூட எஞ்சினின் வலு போதாமையைக் காட்டவில்லை. வலு போதாத படகு நீரின் மேல் ஏறி ஓடவே மாட்டாது. உங்கள் படகு ஏறி ஓடுகிறது, ஓடிய பிறகுதான் துள்ளுகிறது. இதே நிலையில் 25 குதிரைவலு எஞ்சினை மாட்டினால், இப்போதுள்ளதைவிடப் பத்துப் பன்னிரண்டு கிலோகிராம் கூடுதலான பாரம் படகின் மிகப் பின்முனையில், அதாவது இருக்கவே கூடாத இடத்தில், போய் அமர்வதோடு, துள்ளலும் இன்னும் வேகமாகவும் வன்மையாகவும் வரும். பின்பலகை அந்த எஞ்சினைத் தாங்குமா என்பது வேறு கேள்வி.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது அந்த மரத்துண்டுதான். விற்றவர் அதை அறியாமல் வைக்கவில்லை. நமது வாவி பெரும்பாலான இடங்களில் கோல் ஊன்றித் தள்ளக்கூடிய அளவுக்கே ஆழமானது என்பதால், புரொப்பெல்லர் சேற்றிலும் கல்லிலும் ஆற்றுவாழையிலும் சிக்காதிருக்க எஞ்சினை உயர்த்தி மாட்டுவதும், அதன் காலை, அதாவது நீருக்குள் இறங்கி நிற்கும் கீழ்ப்பகுதியை, பின்னுக்குத் தள்ளிச் சாய்த்து வைப்பதும் வாவித் தொழிலாளர் நெடுங்காலமாகச் செய்துவரும் ஏற்பாடு. ஆறுதலாகப் போய் வலை போடுபவருக்கு அதில் நட்டமில்லை. அவருடைய தொழிலுக்காக அப்படி அமைக்கப்பட்ட படகை நீங்கள் வாங்கி, எதையும் மாற்றாமல் வேகமாக ஓட்டுகிறீர்கள். துள்ளல், அலறல், கைப்பிடி இழுப்பு என்று நீங்கள் தனித்தனியே எழுதியவற்றில் பெரும் பகுதி இந்த ஒரே இடத்திலிருந்து வருகிறது என்றே கருதுகிறேன். இவற்றைச் சரிபார்க்க உங்களுக்கு வேண்டியவை ஒரு நேரான கம்பி, ஓர் அளவுநாடா, காற்றில்லாத இரண்டு காலைகள்.

காற்றில்லாத காலை என்பதை வேண்டுமென்றே சொல்கிறேன். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பகல் ஏற ஏற வாவியில் குட்டையான, நெருக்கமான அலைகள் எழும். எவ்வளவு நல்ல படகும் அவற்றின் மேல் தட்டித் தட்டித்தான் போகும். அது படகின் நோய் அன்று. நோய் இருக்கிறதா என்பது கண்ணாடி போன்ற தண்ணீரில்தான் தெரியும். அலையே இல்லாத நீரில், ஓங்கில் (டொல்பின்) எழுந்து அமிழ்வதைப் போல ஒரே தாளத்தில் அணியம் எழுந்து விழுந்தால், அதுவே நாம் தேடும் துள்ளல்.

அது எப்படி உண்டாகிறது என்பதை அறிந்தால் மருந்தும் தானாக விளங்கும். வேகமாக ஓடும் படகு நீருக்குள் மிதப்பதில்லை. அடிப்பாகத்தின் பின்பகுதி நீரை அழுத்த, அந்த அழுத்தத்தின் மேல் ஏறி வழுக்கிக்கொண்டு போகிறது. பாரத்தின் மையம் அந்த அழுத்தத்தின் மையத்தை விட அதிகமாகப் பின்னால் போனால் அணியம் மேலெழும். மேலெழுந்ததும் நீரைத் தொடும் பரப்புச் சுருங்கும். பரப்புச் சுருங்கியதும் தாங்குவாரின்றி அணியம் விழும். விழுந்ததும் பரப்புக் கூடி மீண்டும் எழும். ஊஞ்சலை யாரோ ஆட்டுவதைப் போல எஞ்சின் இதற்குத் தொடர்ந்து வலு ஊட்டிக்கொண்டிருக்கும். உங்கள் தம்பியும் மச்சானும் முன்னால் இருந்தபோது துள்ளல் நின்றதற்குக் காரணம் இதுதான்; நோயை அறிவதற்கான பரிசோதனையில் பாதியை அவர்கள் தெரியாமலே செய்து தந்துவிட்டார்கள்.

எனவே, காசு செலவில்லாத பாரத்திலிருந்து தொடங்குங்கள். நீங்கள் 70 கிலோகிராம் என்றும், நிறைந்த பெற்றோல் தாங்கி 20 கிலோகிராம் என்றும் வைத்துக்கொள்வோம். தாங்கியைப் பின்பலகையருகிலிருந்து இரண்டரை மீற்றர் முன்னால் நகர்த்தினால், நீங்களே 70 சென்ரிமீற்றர் முன்னால் நகர்ந்து அமர்ந்ததற்குச் சமமான பலன் கிடைக்கும். ஏனெனில் பாரத்தைத் தூரத்தால் பெருக்கி வருவதையே படகு உணர்கிறது. நங்கூரத்தையும் கயிற்றையும் அணியத்துக்குக் கொண்டுபோங்கள். ஐஸ் பெட்டியை நடுவில் வையுங்கள். நடுவில் இருந்தால் அது நிறைந்தாலும் வெறுமையானாலும் படகின் சமநிலை அதிகம் மாறாது. தாங்கியை நகர்த்தும்போது எரிபொருள் குழாயை நீட்ட வேண்டியிருக்கும். அதே உள்விட்டமுள்ள, பெற்றோலுக்கென்றே செய்த குழாயையே போடுங்கள். இணைப்புகளில் காற்றுக் கசிந்தால் முழு வேகத்தில் எஞ்சின் திணறும், நீங்கள் அதை வேறொரு நோய் என்று எண்ணி அலைவீர்கள். கைப்பிடியில் ஒரு நீட்டுக் குழாயைப் பொருத்தி நீங்களும் ஓர் அடி முன்னால் அமர முடிந்தால் நன்று. ஆனால் அந்தக் குழாய் ஆணி போட்டு இறுக்கப்பட்டிருக்க வேண்டும்; துணி சுற்றிச் செருகிய குழாய் கையோடு கழன்று வந்து, ஆளில்லாத படகு வட்டமிட்டதை நான் பார்த்திருக்கிறேன். எஞ்சினை நிறுத்தும் கயிறு இருந்தால் அதை உடம்பில் மாட்டாமல் இந்தச் சோதனைகள் எதையும் செய்ய வேண்டாம். உயிர்காப்பு அங்கியும் அப்படியே.

அடுத்தது எஞ்சினின் சாய்வு. எஞ்சினைப் பின்பலகையோடு பிடிக்கும் இரும்புத் தாங்கியின் கீழ்ப்பகுதியில் வரிசையாகச் சில துளைகளும், அவற்றில் ஒன்றில் செருகிய ஒரு கம்பியும் இருக்கும். கம்பி பின்பலகையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, எஞ்சினின் கால் அவ்வளவு பின்னால் தள்ளி நிற்கும். அப்படி நிற்கும் புரொப்பெல்லர் நீரைப் பின்னோக்கி மட்டுமல்லாமல் சற்று மேல்நோக்கியும் தள்ளும். அதன் எதிர்விளைவாகப் படகின் பின்பகுதி கீழே அழுந்தும், அணியம் உயரும். உங்கள் படகில் கம்பி கடைசித் துளையில் இருக்குமென்று பந்தயம் கட்டவும் தயார். எஞ்சினை நிறுத்தி, தூக்கிப் பூட்டிவிட்டு, கம்பியைக் கழற்றி ஒரு துளை உள்ளே மாட்டி ஓட்டிப் பாருங்கள். துள்ளல் குறைந்தாலும் முழுவதும் போகவில்லை என்றால் இன்னொரு துளை. ஒரு தடவையில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். பாரத்தையும் சாய்வையும் உயரத்தையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால் எது வேலை செய்தது என்று உங்களுக்கே தெரியாது.

எல்லாத் துளைகளையும் தாண்டி ஒரேயடியாக உள்ளே தள்ளிவிடவும் கூடாது. அணியம் அளவுக்கு மேல் அழுந்தினால் படகு நீரை உழும், திருப்பும்போது முன்பகுதி கடித்துக்கொண்டு பின்பகுதி வழுக்கும். முகத்துவாரத்தில் இது வெறும் அசௌகரியம் அன்று. கடலிலிருந்து உள்ளே வரும்போது அலை பின்னாலிருந்து தூக்கும். அந்த நேரத்தில் அணியம் பாரமாக இருந்தால் அது முன் அலையின் முதுகில் குத்தி நிற்க, பின் அலை படகைக் குறுக்கே திருப்பிக் கவிழ்த்துவிடும். ஆகவே வாவியில் துள்ளலை நிறுத்துவதற்காக நீங்கள் முன்னால் வைத்த பாரத்தில் எளிதில் நகர்த்தக்கூடியது ஏதேனும் இருந்தால், முகத்துவாரத்தை அடையும் முன் அதை நடுப்பகுதிக்கு எடுத்துவிடுங்கள். ஆட்கள் முன்னால் இருந்தால் அவர்களும் நடுவுக்கு வரட்டும்.

இனி மரத்துண்டு. புரொப்பெல்லருக்குச் சற்று மேலே எஞ்சினின் காலில் கிடையாக ஓர் அகன்ற தட்டு இருப்பதைக் காண்பீர்கள். மேற்பரப்புக் காற்று கீழே இழுபட்டுப் புரொப்பெல்லரை அடையாமல் தடுப்பதே அதன் வேலை. படகைக் கரையேற்றி, எஞ்சினை ஓடும் நிலைக்கு இறக்கி, நேரான கம்பியொன்றைப் படகின் அடியோடு சேர்த்துப் பின்னால் நீளும்படி பிடியுங்கள். தட்டு அந்தக் கம்பியின் மட்டத்தில், அல்லது அதிகம் போனால் ஓர் அங்குலம் மேலே இருக்க வேண்டும். மணலில் இழுப்பதற்காக அடியில் ஏரா (அடியின் நடுவே நீளவாட்டில் ஓடும் முதுகெலும்பு) புடைத்திருந்தால், அளவை ஏராவின் நுனியிலிருந்து அல்லாமல் படகின் அடிப்பரப்பிலிருந்தே எடுங்கள். உங்கள் எஞ்சினில் தட்டு இரண்டு, இரண்டரை அங்குலம் மேலே நிற்கும் என்று நினைக்கிறேன். நேராக ஓடும்போது எப்படியோ சமாளிக்கும் புரொப்பெல்லர், படகு வளைந்து சரிந்ததும் காற்றை விழுங்கும். காற்றில் சுழலும் புரொப்பெல்லருக்குப் பிடிமானம் இல்லாததால் எஞ்சின் அலறும், படகின் வேகம் விழும். வளைக்கும்போது எஞ்சின் அலறுவதாக நீங்கள் எழுதிய முறைப்பாடு இதுதான். மரத்துண்டை எடுத்துவிடுவதற்கு முன்பு, பின்பலகையின் உயரத்தையும் எஞ்சினின் கால் நீளத்தையும் பொருத்திப் பாருங்கள். 15 அங்குலப் பின்பலகைக்குக் குட்டைக் கால் எஞ்சினும், 20 அங்குலப் பின்பலகைக்கு நீளக் கால் எஞ்சினும் பொதுவாகச் சேரும். 20 அங்குலப் பலகையில் குட்டைக் கால் எஞ்சினை மாட்டியிருந்தால் மரத்துண்டை எடுப்பது மட்டும் போதாது. பலகையை வெட்டி இறக்குவது பற்றி நல்ல படகு வேலைக்காரர் ஒருவருடன் பேச வேண்டியிருக்கும்.

எஞ்சினை இறக்கியதும் நீங்கள் ஒன்றை இழக்கிறீர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். புரொப்பெல்லர் இரண்டு அங்குலம் ஆழமாகப் போகும். இதுவரை தாராளமாகக் கடந்த மேடுகளில் இனித் தட்டும். பல எஞ்சின்களில் ஆழமற்ற நீருக்கென்று காலைச் சற்றுத் தூக்கி நிறுத்தும் பிடியொன்று இருக்கும். அதைப் போட்டு மெதுவாக மட்டும் கடந்து, ஆழம் வந்ததும் இறக்கிவிடுங்கள். அப்படிப் போகும்போது எஞ்சினின் பக்கத்திலிருந்து பீறிடும் குளிரூட்டும் நீர் நிற்காமல் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். நீர் உள்ளெடுக்கும் துளை மேற்பரப்புக்கு மேலே வந்துவிட்டாலோ, சேறு அடைத்துவிட்டாலோ எஞ்சின் சில நிமிடங்களில் சூடேறிவிடும்.

ஆழம் என்றதும் உங்கள் முதல் முறைப்பாட்டுக்கு வருகிறேன். அணியம் வெகுநேரம் வானத்தைப் பார்ப்பதற்குப் பின்பாரமும் சாய்வும் காரணம் என்றாலும், வாவிக்கும் அதில் பங்குண்டு. படகு ஏறி ஓடுவதற்கு முன் தானே எழுப்பிய அலையைத் தாண்ட வேண்டும். ஆழமற்ற நீரில் அலையின் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஒன்றரை மீற்றர் ஆழத்தில் அது மணிக்கு ஏறத்தாழ 14 கிலோமீற்றர். 18 அடிப் படகு ஏறி ஓடத் தொடங்கும் வேகமும் அதற்கு அண்மையில்தான் இருக்கிறது. இரண்டும் நெருங்கும்போது படகின் பின்பகுதி கீழே இழுபட்டு, மேட்டில் ஏறும் மாட்டு வண்டி போலப் படகு திணறும். அதைத் தாண்டிவிட்டால் ஆழமற்ற நீரில் ஓடுவது இலகுவாகவே இருக்கும். எனவே, சோதனை ஓட்டத்தைக் கோல் விட்டுப் பார்த்து ஆழமான ஒரே இடத்தில் செய்யுங்கள். ஒருநாள் மேட்டிலும் மறுநாள் ஆழத்திலும் ஓட்டி ஒப்பிட்டால் கணக்குப் பிழைக்கும்.

கைப்பிடி ஒரு பக்கம் இழுப்பதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ஒரே திசையில் சுழலும் புரொப்பெல்லர் படகைச் சற்று இழுக்கவே செய்யும். சாய்வும் உயரமும் பிழையாக இருந்தால் அது பெரிதாகும், அவை சரியானால் பெரும்பாலும் தாங்கக்கூடிய அளவுக்கு வந்துவிடும். பிறகும் மிஞ்சினால், தட்டின் அடியில் சிறு துடுப்புப் போன்ற துண்டு இருக்கிறதா பாருங்கள். படகு எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கமாக அத்துண்டின் பின்முனையைச் சிறிது திருப்பி இறுக்க வேண்டும்.

இவ்வளவும் செய்தும் துள்ளல் மிஞ்சினால் இரண்டு சந்தேகங்கள் எனக்கு உண்டு. முதலாவது, படகின் வயிற்றில் ஒளிந்திருக்கும் தண்ணீர். பைபர் படகுகளில் இருக்கைக்கு அடியிலும் தளத்துக்கு அடியிலும் மிதப்புக்காக நுரை நிரப்பியிருப்பார்கள். வெடிப்பு வழியாக நீர் கசிந்தால் வருடக்கணக்கில் அந்த நுரை நீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். ஒரு கன அடி நுரை முழுவதும் ஊறினால் 28 கிலோகிராம் பாரம். அணியம் உயர்ந்தபடி நிற்கும் படகில் கசியும் நீர் பின்னுக்கே ஓடுவதால் பின்பகுதி நுரைதான் முதலில் ஊறும். அம்பாறைக் கரையோரத்திலிருந்து ஒருவர் எங்களிடம் கொண்டுவந்த படகு நினைவுக்கு வருகிறது. அவர் ஏற்கெனவே ஒரு தடவை எஞ்சினை மாற்றியிருந்தார், புரொப்பெல்லரை இரண்டு தடவை. பின்னிருக்கையைத் திறந்து, ஊறிய நுரையை வாளி வாளியாக அள்ளி எடுத்த பிறகு, அவருடைய பழைய எஞ்சினே அந்தப் படகுக்குத் தாராளமாகப் போதுமாக இருந்தது. அதற்குள் அவர் அதை விற்றுவிட்டிருந்தார். நீங்கள் படகைப் பின்பக்கம் தாழ்வாக இருக்கும்படி கரையில் நிறுத்தி, வடிகால் அடைப்பைத் திறந்து இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். மழையில்லாமலே நீர் சொட்டிக்கொண்டிருந்தால், அல்லது இருக்கைப் பெட்டியை மரச் சுத்தியலால் தட்டும்போது முன்னும் பின்னும் ஓசை வேறுபட்டு, பின்பக்கம் மந்தமாக ஒலித்தால், உள்ளிருந்து சிறு துளையிட்டுப் பார்க்க வேண்டும். துளை உட்பக்கத்தில்தான் இட வேண்டும். படகின் வெளி அடியில் ஒருபோதும் கூடாது.

இரண்டாவது சந்தேகம், அடியின் வடிவம். பின்பலகையிலிருந்து முன்னோக்கி ஐந்தடி தூரத்துக்குப் படகின் அடி, நீளவாட்டில், நேர்கோடாக இருக்க வேண்டும். இரண்டு தென்னங்குற்றிகளை முன்முனையிலும் பின்முனையிலும் வைத்து, படகை அதன்மேல் ஏற்றி, மாரியில் மழைநீர் நிறைய விட்டால் நடுப்பகுதி தொய்ந்து, அடி வெளிப்புறமாக வளையும். அப்படி வளைந்த அடி, எவ்வளவு பாரம் மாற்றினாலும், துள்ளவே பார்க்கும். மாறாகப் பின்பலகைக்குச் சற்று முன்னால் குற்றி அழுத்தி அடி உட்குழிந்தால், பின்விளிம்பு கொக்கி போல நின்று அணியத்தை அழுத்தும். உங்கள் அறிகுறி முதல் வகையைச் சேர்ந்தது. ஐந்தடி நீளமான அலுமினியச் சதுரக் குழாயொன்றை அடியில், ஏராவுக்கு இருபுறமும், நீளவாட்டில் வைத்து இடைவெளி தெரிகிறதா என்று பாருங்கள். இரண்டொரு மில்லிமீற்றரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அதைவிட அதிகமாக வளைந்திருந்தால், பின்விளிம்பின் அடியில் மெல்லிய ஆப்பு வடிவில் பைபர் வைத்துப் படிப்படியாகச் சமன் செய்யலாம். இது எஞ்சின் விலையோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய செலவு, ஆனால் கைதேர்ந்தவர் செய்ய வேண்டிய வேலை. இனிமேல் படகை நிறுத்தும்போது குற்றிகளுக்குப் பதிலாக அடியின் வளைவுக்கேற்ற மூன்று நான்கு தாங்குகளை வைத்து, வடிகாலைத் திறந்துவிடுங்கள்.

புரொப்பெல்லரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இதழ்களில் வளைவோ பெரிய காயமோ இல்லையென்றால் நானும் இப்போது தொடப்போவதில்லை. சாய்வும் உயரமும் பிழையாக இருக்கும்போது புரொப்பெல்லரை மாற்றுவது, அளவு எடுக்காமல் சட்டை தைப்பதைப் போன்றது.

மரத்துண்டை எடுத்து எஞ்சினை மீண்டும் மாட்டும்போது, பிடிதிருகுகளின் கீழ் நசுங்கிய மரம் புதிய இடத்தில் இன்னொரு தடவை அழுந்தும் என்பதால், முதல் அரை மணி நேர ஓட்டத்துக்குப் பின் கரைக்கு வந்து அவற்றை மீண்டும் இறுக்குங்கள். எஞ்சினைப் படகோடு சேர்த்து ஒரு பாதுகாப்புக் கயிற்றாலும் கட்டிவிடுங்கள். இரண்டு காலைச் சோதனைகளுக்குப் பிறகும் துள்ளல் இருந்தால், எஞ்சின் கம்பி இருக்கும் துளை எது, தட்டு அடிமட்டத்திலிருந்து எவ்வளவு மேலே, அலுமினியக் குழாயின் கீழ் இடைவெளி எத்தனை மில்லிமீற்றர் என்ற மூன்று அளவுகளையும் எழுதி அனுப்புங்கள். திருத்துபவரிடம் 25 குதிரைவலுவைப் பற்றி அதன் பிறகு பேசலாம்.